எந்தக் கரையை வெட்டுவது?

அப்பத்தா ஒரு கதை சொல்வாள். நான் பிறப்பதற்கு முன்னால், ஓர் ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பி, கலுங்கு தாண்டி ஓடியும் தண்ணீர் குறையாமல், கரை அங்கங்கே கசிய ஆரம்பித்ததாம். நடுராத்திரியில் ஊர்ப் பெரியவர்கள் அரிக்கேன் விளக்கோடு கரையில் கூடியிருக்கிறார்கள். தாத்தாவும் அதில் ஒருவர். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, கிழக்குப் பக்கம் ஓரிடத்தில் கரையை வெட்டிவிட்டார்கள். விடிவதற்குள் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது. ஊர் பிழைத்தது. "உங்க தாத்தா அன்னைக்கு மம்பட்டிய எடுக்கலைன்னா இந்த வீடே இருந்திருக்காது" என்று முடிப்பாள்.

எத்தனையோ முறை கேட்ட கதை. கிழக்கே என்ன இருந்தது என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி எனக்கு வந்தது அமெரிக்காவில். வேலை விஷயமாக ஹூஸ்டனில் இருந்தபோது, ஒரு நீண்ட வாரயிறுதியில் நண்பனோடு நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் போனோம். நகரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால், மிசிசிப்பி ஆற்றின் கரையோரம் வண்டியை நிறுத்தினோம். கரைக்கு இந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக ஒரு தாழ்வான கான்கிரீட் சுவர். அதன் இடைவெளிகளில் வரிசையாக மரக்கட்டைகள் செருகப்பட்டிருந்தன. சுவருக்குப் பின்னால் அகலமான வெற்று நிலம். அதில் ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார்.

"தண்ணியே இல்லாத எடத்துல எதுக்குடா இவ்ளோ பெரிய கலுங்கு?" என்றான் நண்பன். அவனுக்கும் சிவகங்கைப் பக்கம்தான். அமெரிக்கப் பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைவிட அவன் சொன்ன சொல்தான் சரியானது. அது கலுங்கேதான். பானி கேரி கலுங்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 350 கண்கள், ஒவ்வொன்றிலும் 20 மரக்கட்டைகள், ஆக 7,000 கட்டைகள். ஆறு அபாய அளவை நெருங்கும்போது, சுவரின் மேல் ஓடும் கிரேன் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவும். விநாடிக்கு இரண்டரை லட்சம் கன அடி தண்ணீரை ஆற்றிலிருந்து பிரித்து, சுமார் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாஞ்சார்ட்ரெய்ன் ஏரிக்கு அனுப்பலாம். நியூ ஆர்லியன்ஸ் தப்பிக்கும்.

இந்தக் கலுங்கு கட்டி முடிக்கப்பட்டது 1931இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புவரை அந்த நகரத்திடம் கலுங்கு கிடையாது. டைனமைட்தான் இருந்தது.

*

மிசிசிப்பி சாதாரண ஆறு இல்லை. அமெரிக்காவின் 31 மாநிலங்களிலும் கனடாவின் இரண்டு மாகாணங்களிலும் பெய்யும் மழை அதில் வந்து சேர்கிறது. 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸை நிறுவிய சில ஆண்டுகளிலேயே கரை கட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு இருநூறு ஆண்டுகள், கரையை உயர்த்துவதும் நீட்டுவதும்தான் வேலை.

இப்படிக் கரையை மட்டும் நம்பலாமா என்ற சண்டை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நடந்தது. சார்லஸ் எல்லெட் என்ற பொறியாளர் 1850களின் தொடக்கத்தில் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மேலே காடுகளும் சதுப்புகளும் வயலாக மாற மாற, தண்ணீர் வேகமாக வந்து சேர்கிறது. கீழே கரை கட்டக் கட்ட, முன்பு பக்கவாட்டில் பரவிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் ஆற்றின் மட்டம் உயர்கிறது. ஆகவே கரை மட்டும் போதாது, நீர்த்தேக்கங்களும் வேண்டும், தண்ணீரைப் பிரித்துவிடும் வடிகால்களும் வேண்டும் என்றார்.

அவருக்கு எதிர்ப்பக்கம் ராணுவப் பொறியாளர் ஆண்ட்ரூ ஹம்ஃப்ரீஸ். 1861இல் ஹென்றி அபட்டோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அறிக்கை, ஆற்றை அளந்து அளந்து எழுதிய பெரிய புத்தகம். அது எல்லெட்டின் யோசனைகளை ஒதுக்கித் தள்ளியது. ஹம்ஃப்ரீஸ் பின்னாளில் ராணுவப் பொறியாளர் துறைக்கே தலைவரானார். 1879இல் மிசிசிப்பி ஆற்று ஆணையம் வந்தது. மெல்ல மெல்ல 'கரை மட்டுமே' என்பது அரசாங்கக் கொள்கை ஆனது. ஆற்றை இரண்டு கரைக்குள் அடக்கினால் நீரின் வேகம் கூடும், வேகம் தன் படுகையைத் தானே தோண்டிக்கொள்ளும், ஆறு ஆழமாகும் என்பது அதன் நியாயம். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? ஆறு அந்த அளவுக்குத் தோண்டவில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் மட்டம் உயர்ந்தது, கரையும் கூடவே உயர்ந்தது.

இந்தக் கொள்கையின் ஆபத்து பொறியியலில் மட்டும் இல்லை. 'தண்ணீர் எங்கேயும் போகாது, ஆற்றுக்குள்ளேயே இருக்கும்' என்று நம்பிவிட்டால், 'தண்ணீரை எங்கே விடுவது' என்ற கேள்வியே எழாது. கேள்வி எழாவிட்டால், யாருடைய நிலம், யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு, யாரிடம் முன்கூட்டிச் சொல்வது என்ற எதையும் யோசிக்க வேண்டியதில்லை. 1926இல், வெள்ளத்தின் நாசத்தைத் தடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று அரசுப் பொறியாளர்கள் அறிவித்தே விட்டார்கள்.

அடுத்த வருடம் ஆறு வந்தது.

*

1927 ஏப்ரல் 21. கிரீன்வில் நகரத்துக்கு வடக்கே மௌண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. அந்த வெள்ளத்தில் மொத்தம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்கடியில் போனது. அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் இன்னும் மூழ்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பயந்துபோயிருந்தது. ஏப்ரல் 15, புனித வெள்ளியன்று, நகரத்தின் மேல் ஒரே நாளில் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் மழை கொட்டித் தெருவெல்லாம் தண்ணீர். அது ஆற்றுத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். பயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நகரத்தின் வங்கியாளர்களும் வணிகர்களும் கூடினார்கள். அவர்களிடம் ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1922 வெள்ளத்தில் நகரத்துக்குக் கீழே செயின்ட் பெர்னார்ட் பகுதியில் பாய்ட்ராஸ் என்ற இடத்தில் கரை தானாக உடைந்தபோது, நகரத்தையொட்டி ஆற்றின் மட்டம் சட்டென்று இறங்கியிருந்தது. அப்படியானால் நாமே உடைத்தால்? ஆற்றின் கீழ்ப்பக்கம் கார்னார்வன் என்ற இடத்தில் கரையைத் தகர்த்தால், தண்ணீர் செயின்ட் பெர்னார்ட், பிளாக்கமின்ஸ் என்ற இரண்டு பகுதிகளின் மேல் பாய்ந்து கடலுக்குப் போய்விடும்.

அந்த இரண்டு பகுதிகளிலும் சுமார் 10,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் இஸ்லேன்யோக்கள், 18ஆம் நூற்றாண்டில் கேனரி தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். மீன் பிடிப்பார்கள், சதுப்பில் மஸ்க்ராட் என்ற நீர்எலியைப் பிடித்துத் தோல் விற்பார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தோலுக்கு நல்ல விலை. வயிற்றுப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத மக்கள்தான். ஆனால் அவர்களிடம் வங்கி இல்லை.

நஷ்டஈடு தருகிறோம் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் சுமார் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆளுநர் ஆரமெல் சிம்ப்சன் அனுமதித்தார். மக்களுக்குக் கிடைத்தது சில நாள் அவகாசம். மாட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தார்கள். ஒரு பெரிய கிடங்கில் தங்கவைக்கப்பட்டார்கள். வெள்ளையர்கள் ஒரு தளம், கறுப்பர்கள் வேறு தளம்.

ஏப்ரல் 29 அன்று கார்னார்வனில் வெடி வைத்தார்கள். பத்திரிகைக்காரர்களும் அழைக்கப்பட்ட விருந்தினர்களும் பார்த்தார்கள். ஆனால் கரை லேசில் உடையவில்லை. பத்து நாட்கள், 39 டன் டைனமைட் தேவைப்பட்டது. இவ்வளவு பலமான கரையை, ஆறு உடைத்துவிடுமோ என்ற பயத்தில் மனிதர்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் வெடி வெடித்த ஓரிரு நாட்களிலேயே ஆற்றின் மேல்பகுதியில் வேறு கரைகள் உடைந்து, தண்ணீர் மேற்கே அச்சாஃபலாயா பள்ளத்தாக்கு வழியாகப் போகத் தொடங்கிவிட்டது. நியூ ஆர்லியன்ஸுக்கு வரவேண்டிய ஆபத்து வழியிலேயே விலகிவிட்டது. கார்னார்வனை உடைத்திருக்கவே வேண்டியதில்லை.

நஷ்டஈடு? மக்கள் கேட்டதில் சிறு பகுதிதான் வந்தது. முகாமில் தங்கவைத்துச் சோறு போட்ட செலவையும் அதில் கழித்துக்கொண்டார்கள். தோல் நிறுவனம், ரயில் கம்பெனி போன்ற பெரிய கைகள் போக, சாதாரணக் குடும்பங்களுக்குச் சராசரியாக 284 டாலர் என்று இந்த வெள்ளத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஜான் பாரி கணக்கிடுகிறார். பலருக்கு ஒன்றுமே இல்லை. சதுப்பில் உப்பும் நன்னீரும் இருந்த கணக்கு மாறி, நீர்எலிகளும் போய்விட்டன.

*

அதே நாட்களில், ஆற்றின் மேலே கிரீன்வில்லில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஊர் மூழ்கியபின் 13,000 கறுப்பின மக்கள் கரையின் மேலேயே தங்கியிருந்தார்கள். சில மீட்டர் அகலம், பல கிலோமீட்டர் நீளம். மீட்க நீராவிக் கப்பல்கள் வந்தன. வெள்ளையின மக்கள் ஏறினார்கள். மற்றவர்களையும் அனுப்பிவிடலாம் என்றுதான் நிவாரணக் குழுத் தலைவர் வில் பெர்சி முதலில் நினைத்தார். ஆனால் பருத்தித் தோட்ட முதலாளிகளுக்கு ஒரு பயம். இவர்கள் போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்தி பறிக்க ஆள் கிடைக்காது. வில் பெர்சியின் அப்பாவே தோட்ட முதலாளி. முடிவு மாறியது. கப்பல்கள் பெரும்பாலும் காலியாகத் திரும்பின. துப்பாக்கி ஏந்திய காவலர்களின் பார்வையில் கரையின் மேல் வேலை வாங்கப்பட்டது.

'பாதிக்கப்படக்கூடிய மக்கள்' என்று இன்றைய அறிக்கைகளில் ஒரு சொல் வருகிறதே, அது ஏதோ உயரக் குறைவு, நிலத்தின் அமைப்பு என்பதுபோலக் கேட்கிறது. கிரீன்வில்லில் அவர்கள் நின்ற இடம் ஊரிலேயே உயரமான இடம். அப்படியும் போக முடியவில்லை.

*

1928 மே 15இல் அமெரிக்க நாடாளுமன்றம் வெள்ளத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 'கரை மட்டுமே' கொள்கை முடிவுக்கு வந்தது. எல்லெட் சொல்லி முக்கால் நூற்றாண்டு கழித்து, கரையோடு வடிகாலும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீரை எங்கே விடுவது என்று வரைபடத்தில் முன்பே குறித்தார்கள். பானி கேரி கலுங்கு பிறந்தது அப்படித்தான். 1937இல் முதன்முறையாகத் திறந்தார்கள். அதற்குப் பிறகு பத்துத் தடவைக்கும் மேல் திறந்தாயிற்று. ஆற்று வெள்ளத்தால் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கவில்லை.

நான் எழுதும் மென்பொருளிலும் இதே பிரச்சினை உண்டு. சர்வர் தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள் வந்துவிட்டால் சிலரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாருக்குமே படுத்துவிடும். யாரைத் திருப்புவது என்று ஒரு விதி எழுதுவோம். ஒருமுறை நான் எழுதிய விதி, சின்ன வாடிக்கையாளர்களை முதலில் கைவிடச் சொன்னது. ஒரே ஒரு வரி. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பண்டிகை நாளில் அது வேலை செய்தது. 'சிஸ்டம் தாங்கிடுச்சு' என்று பாராட்டினார்கள். அன்று முழுக்கக் கடையைத் திறந்தும் ஒரு பில்கூடப் போட முடியாதவர்கள் அந்த மீட்டிங்கில் இல்லை.

அதனால் பானி கேரியைப் பார்த்தபோது, முதலில் எனக்கு மரியாதைதான் வந்தது. வெள்ளத்தில் எல்லாரையும் காப்பாற்றும் திட்டம் என்று ஒன்று கிடையாது. தண்ணீர் எங்காவது போகவேண்டும். கார்னார்வனுக்கும் பானி கேரிக்கும் உள்ள வித்தியாசம், ஒன்றில் நிலம் மூழ்கியது, இன்னொன்றில் மூழ்காது என்பது இல்லை. ஒன்றில் நடுங்கும் கையோடு நாலு நாளில் முடிவெடுத்தார்கள். இன்னொன்றில் வெயில் காலத்தில் உட்கார்ந்து, நிலத்தை முன்பே வாங்கி, கதவு வைத்து, எந்த அளவு வந்தால் திறப்போம் என்று எழுதி வைத்தார்கள்.

ஆனால் அந்த மரியாதையோடு நின்றுவிட முடியவில்லை. அந்த வெற்று நிலம் வெற்று நிலமாக இருந்ததில்லை. 1975இல் அதற்குள் தோண்டியபோது எலும்புகள் வந்தன. குக்லர், கென்னர் என்ற இரண்டு கல்லறைத் தோட்டங்கள். பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் புதைக்கப்பட்ட இடம். நிலத்தை முதலாளிகளிடம் வாங்கினார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களுக்குப் பத்திரம் இல்லை.

தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2019இல் முதன்முறையாக ஒரே வருடத்தில் இரண்டு தடவை, மொத்தம் 120 நாட்களுக்கு மேல் கலுங்கு திறந்திருந்தது. அவ்வளவு நன்னீர் உப்பங்கழியில் கலந்ததும் பக்கத்து மிசிசிப்பி மாநிலக் கடலோரத்தில் சிப்பிகள் பெரும்பாலும் செத்தன. சிப்பி எடுத்துப் பிழைப்பவர்களுக்கு அந்தக் கலுங்கைத் திறப்பதா வேண்டாமா என்பதில் எந்தக் குரலும் இல்லை.

1928 சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. வெள்ளத்தால் வரும் சேதத்துக்கு மத்திய அரசு பொறுப்பில்லை என்கிறது அது. 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் கால்வாய்ச் சுவர்கள் இடிந்து நகரம் மூழ்கி, மக்கள் வழக்குப் போட்டபோது, முக்கியமான கோரிக்கைகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது இந்தப் பழைய பிரிவைக் காட்டித்தான். அந்தப் புயலில் மூழ்கிய லோயர் நைன்த் வார்டில், கரையை வேண்டுமென்றே வெடி வைத்துத் தகர்த்தார்கள் என்று நம்பியவர்கள் நிறைய. ஆதாரம் இல்லை. சுவர்கள் தவறான வடிவமைப்பால் விழுந்தன. ஆனால் அந்த நம்பிக்கையைப் பைத்தியக்காரத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1927இல் அது நிஜமாகவே நடந்திருக்கிறது.

*

கடைசியாக ஒரு சம்பவம். இதில் வில்லன் யாருமில்லை, அதனாலேயே சொல்கிறேன்.

1928 திட்டத்தில் மிசௌரி மாநிலத்தில் பேர்ட்ஸ் பாயின்ட் என்ற இடத்திலும் ஒரு வடிகால் குறிக்கப்பட்டிருந்தது. அங்கே கதவு இல்லை. கரையை வெடி வைத்துத்தான் திறக்கவேண்டும். 1937இல் ஒருமுறை திறந்தார்கள். பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படவில்லை. 2011 வசந்தத்தில் ஆறு ஏறியது. எதிரே இல்லினாய் மாநிலத்தில் கெய்ரோ என்ற சிறுநகரம், 3,000க்கும் குறைவான ஜனங்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஏழைகள். இந்தப் பக்கம் 1,30,000 ஏக்கர் நல்ல விளைநிலம். மிசௌரி அரசு வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. மே 2 இரவு, ராணுவப் பொறியாளர் தளபதி மைக்கேல் வால்ஷின் உத்தரவில் கரை தகர்க்கப்பட்டது. கெய்ரோ பிழைத்தது.

சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். பணக்காரரின் வயலைவிட ஏழையின் வீடு முக்கியம் என்று ஓர் அரசாங்கம் முடிவெடுப்பதை அடிக்கடி பார்க்க முடியாது. நிலத்தின் மேல் தண்ணீர் விடும் உரிமையை நில உடைமையாளர்களிடம் அரசு முன்பே விலைகொடுத்து வாங்கியிருந்தது. பல விவசாயிகள் அதே கோடையில் திரும்ப விதைத்தார்கள்.

ஆனால் அந்த வயல்களுக்கு நடுவே பின்ஹுக் என்று ஒரு கிராமம் இருந்தது. 1940களில், வேறு எங்கேயும் நிலம் விற்க மறுக்கப்பட்ட கறுப்பின விவசாயிகள் அங்கே நிலம் வாங்கி உருவாக்கிய ஊர். வடிகாலுக்குள் இருந்ததால்தான் அந்த நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. தண்ணீர் வடிந்தபோது அந்த ஊர் இல்லை. அங்கே யாரும் திரும்பிக் குடியேறவில்லை.

*

ஹூஸ்டன் திரும்பியதும் அப்பாவுக்கு போன் செய்தேன். கண்மாய்க் கதையைக் கேட்டேன்.

"அன்னைக்குக் கரைய வெட்டுனாங்கள்ல, கெழக்க என்னப்பா இருந்துச்சு?"

"கெழக்கயா? காலனிதான். கொஞ்சம் வயலு, பத்துப் பன்னெண்டு குடிசை."

"வெட்டப் போறோம்னு அவங்ககிட்டச் சொன்னாங்களா?"

"சொல்லியிருப்பாங்க. பள்ளிக்கூடத்துல வந்து படுத்துக்கிட்டாங்கன்னு கேள்வி."

"அவங்களக் கேட்டுத்தான் வெட்டுனாங்களா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "கேக்குறதுக்கு அப்ப ஏதுடா நேரம்" என்றார். பிறகு, "அப்புறம் ஊர்ல நெல்லு வசூல் பண்ணிக் குடுத்தாங்க" என்றார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை.

நேரம் இல்லை என்பது உண்மைதான். ஐப்பசி ராத்திரியில் நேரம் இருக்காது. கேட்பதற்கான நேரம் சித்திரை, வைகாசி. அப்போது யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கண்மாயில் தண்ணீரே இருக்காது.

போன வருடம் ஊருக்குப் போனபோது கரையில் நடந்து பார்த்தேன். வெட்டிய இடத்தைப் பிறகு மண் போட்டு அடைத்திருக்கிறார்கள். மற்ற இடத்தைவிட அங்கே கரை ஒரு முழம் தாழ்வாக இருக்கிறது. கலுங்கை அகலப்படுத்தவில்லை, கதவு எதுவும் வைக்கவில்லை. கிழக்கே இப்போது ஓட்டு வீடுகள், இரண்டு மூன்று மாடி வீடுகள்கூட வந்திருக்கின்றன. ஒரு வீட்டு வாசலில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு அடைமழை வந்தால் எங்கே வெட்டுவது என்று எங்கள் ஊரில் யாரையும் கேட்கவேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரியும். எங்கும் எழுதி மட்டும் வைக்கவில்லை.